சம்பந்தியம்மா நிரப்பிய படிவம்

அக்கா,

தோள்பட்டை வலிக்கு ஸ்கேன் எடுக்க சுபாங் ஜெயாவில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸ் ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறீர்களா என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் உன் படிவம்தான் கண்முன் நிற்கிறது.

உனக்கு முதுகுவலி வந்தபோது உன் மகள் மாலாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். வலிக்கு டாக்டரைக் காட்டியதே சம்பந்தியம்மாதான், அவருக்கு வேண்டியவராம். அதனால் உன் நெஞ்சில் பேஸ்மேக்கர் இருப்பதைப் பற்றி அந்த டாக்டரிடமும் நீ வாயைத் திறக்கவில்லை.

அதற்கும் இரண்டு வருஷத்துக்கு முன் கோலாலம்பூரில் உனக்கு அந்தக் கருவியை வைத்த டாக்டர் நம் இருவரிடமும் சொல்லித்தான் அனுப்பினார். எம்.ஆர்.ஐ. என்கிற காந்த ஸ்கேன் பக்கமே போகக் கூடாது, கருவி தாறுமாறாக ஓடும், உயிருக்கே ஆபத்து என்றார். கருவி இருப்பதைச் சொல்லும் ஓர் அட்டையும் தந்தார். அதை நீ என் கையில் திணித்தாய். "பிரிக்பீல்ட்ஸ்ல உன் வீட்லயே இருக்கட்டும். கிள்ளான்ல வச்சா யாராச்சும் பார்த்துருவாங்க. பொண்ணு குடும்பத்துல ஹார்ட் கோளாறுன்னு பேசுவாங்க லா." நானும் மண்டையை ஆட்டினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

சம்பந்தியம்மாவின் டாக்டர் உன் முதுகுக்கு அதே காந்த ஸ்கேனை எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் அன்று சம்பந்தியம்மாவே காரில் நம்மை அழைத்துப் போனார். நீ கண்ணாடியை மறந்துவிட்டதால் படிவத்தையும் அவரே வாசித்து நிரப்பினார்.

"நெஞ்சுல மெஷின் ஏதும் வச்சிருக்கீங்களா சம்பந்தி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

உடை மாற்றும் அறையில் உன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "எக்ஸ்ரே மாதிரிதான். அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். நீ சும்மா இரு," என்றாய். நகைகளைக் கழற்றினாய். தாலிக்குப் பதில் கட்டிக்கொள்ள மஞ்சள் கயிறுகூட வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தாய். அதைக் கட்டிக்கொண்டு தாலியை என் உள்ளங்கையில் வைத்தாய். அத்தானுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அவ்வளவு யோசித்தவள், உன்னைப் பற்றி யோசிக்கவில்லையே அக்கா.

நர்ஸ் அந்தக் கனத்த கதவைத் திறந்தாள். உள்ளே டக்டக்கென்று ஏதோ ஓடும் சத்தம். நீ ஒரு காலை எடுத்து வைத்தாய்.

"சிஸ்டர், நில்லுங்க. எங்க அக்காவுக்குப் பேஸ்மேக்கர் இருக்கு."

வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். நர்ஸ் உன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். சம்பந்தியம்மா பேனாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுவாரமே அவர், "சும்மா ஒரு தடவை மாலாவுக்கும் பார்த்துருவோமே," என்று அவளை இதய டாக்டரிடம் அழைத்துப் போனார். அவளுக்கு ஒரு குறையும் இல்லை, கல்யாணமும் நடந்தது. மண்டபத்தில் எனக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்தபோது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. பல மாதம் கழித்து ஒருநாள் போனில், "பேசாம இருந்திருக்கலாம்ல நீ. போய்ச் சேர்ந்திருந்தாலும் மானத்தோட போயிருப்பேன்," என்றாய். அழுதுவிட்டு வைத்துவிட்டேன். இன்றைக்கும் உன்மேல் அதற்குக் கோபம் இருக்கிறது.

நீ தூக்கத்திலேயே போன அன்று, ஈமச்சடங்குக்காரர் கூடத்தில் எல்லோருக்கும் நடுவில் கேட்டார். "உடம்புல மெஷின் ஏதும் இருக்காம்மா? தீயில வெடிச்சிரும், முன்னாடியே எடுத்துரணும்."

அத்தான் அழுதுகொண்டிருந்தார். மாலா தன் மாமியாரைப் பார்த்தாள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். மறுபடியும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "இருக்குங்க."

இந்தப் படிவத்தில் இப்போது இல்லை என்று குறித்துவிட்டேன். மூன்று தடவை சரிபார்த்தும்விட்டேன். உன் அட்டை இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. யாராவது கேட்டால் உடனே காட்ட வேண்டுமே என்று போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு அலைகிறேன். இனி யாரும் கேட்கப் போவதில்லை, அக்கா.