கரை ஒதுங்கியவன்

12 டிசம்பர் 1955, திங்கள்

காலையில் கடற்கரையில் ஒரு பிணம் ஒதுங்கியது. எந்த மதத்தவன் என்று சொல்ல அடையாளமே இல்லை. புதைத்துவிடச் சொல்லிவிட்டுப் போலீஸார் போய்விட்டார்கள். சுடுகாடு, மையவாடி, கல்லறைத் தோட்டம், எங்கும் இடம் தரவில்லை.

“மதமே இல்லன்னா இவன எப்பவோ பொதச்சிருப்பாங்க,” என்றார் பக்கத்து வீட்டு யூசுப் பாய்.

“மதமே இல்லன்னா பொதைக்கணும்னே யாருக்கும் தோணியிருக்காதுங்க,” என்றேன்.

கடைசியில் நாங்கள் இருவருமே சவுக்குத் தோப்போரம் குழி தோண்டிப் புதைத்தோம். அவர் துஆ ஓதுவதா, நான் ஜெபம் சொல்வதா என்று தெரியாமல் இருவரும் வாயே திறக்கவில்லை.

“இப்படியே விட்டுட்டுப் போறதாங்க?” என்று கேட்டார் பாய்.

மதமில்லாத உலகில் எல்லோரையும் இப்படித்தான் குப்பைபோல் மூடிவிட்டுப் போவார்களோ? பயமாக இருக்கிறது. நான் செத்தால் சத்தமாக ஜெபம் சொல்லு என்று, தூங்கும் என் மனைவி மேரியை எழுப்பிச் சொல்லவேண்டும் போலிருக்கிறது.