சமத்துக் குழந்தை

22 ஜனவரி 1997, பவானிபூர்

ஸ்னேகாவுக்குப் பால் கொடுக்க இன்றும் உள்ளங்காலைச் சுண்டித்தான் எழுப்பவேண்டியிருந்தது. நாலு வாய் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள். பிறந்து ஆறு வாரம் ஆகிறது. பசிக்கு ஒரு நாள்கூடத் தானாக எழுந்ததில்லை. எதிர்வீட்டு மன்னி, மித்ரா பௌதி, எட்டிப் பார்த்து, "கீ லொக்கி மேயே" என்றாள். லொக்கி என்றால் லக்ஷ்மி; அடங்கிய பெண் குழந்தைக்கு இந்த வங்காள ஊர் கொடுக்கும் பட்டம். பிரசவ ஒத்தாசைக்குக் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் நாத்தனார் நாகலக்ஷ்மிக்கு அதில் ஏகப் பெருமை. "எங்காத்து ரத்தம், சமத்து வழியறது" என்கிறார். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் என்ன கேடு?

27 ஜனவரி

கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. தொப்புள் பிதுங்கியிருக்கிறது. நாலு நாளாக வெளிக்கும் போகவில்லை. இவரிடம் சொன்னேன். கார்டன் ரீச் ஆபீசிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "ஊர்ல எல்லாரும் குழந்தை தூங்கவிடலைன்னு அழறா. நீ தூங்கறதேன்னு அழறே. பேசாம இரேன் அமலா" என்றார்.

பேசாமல்தான் இருக்கிறேன்.

2 பிப்ரவரி

கையும் காலும் சில்லென்று இருக்கின்றன. குளிராம். எனக்கு வியர்க்கிறது, இவளுக்கு என்ன குளிர்? அழுகிறாளா பார்ப்போம் என்று தொடையில் கிள்ளினேன். தொண்டை கட்டின மாதிரி ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். நாத்தனார் பார்த்துவிட்டார். "பெத்தவளா நீ?"

5 பிப்ரவரி

யாரிடமும் சொல்லாமல் டாக்சி பிடித்துக் குழந்தைகள் டாக்டரிடம் போனேன். டாக்டர் சென்குப்தா சிரித்த முகக்காரி. நாக்கைப் பார்த்தார், தொப்புளை அமுக்கினார், உச்சிக்குழியில் விரல் வைத்தார் — சிரிப்பு போய்விட்டது. தைராய்டு பார்க்க வேண்டும், இன்றைக்கே என்றார். "எனக்கா?" என்று அசடு மாதிரி கேட்டேன். அதெல்லாம் பெரியவர்களுக்கு வருவது என்றல்லவா நினைத்திருந்தேன்! ரத்தம் எடுத்தபோதும் முனகினாளே தவிர அழவில்லை.

8 பிப்ரவரி

ரிப்போர்ட் வந்துவிட்டது. இவரும் கூட வந்தார். உடம்புக்கு வேண்டிய தைராக்ஸின் கிட்டத்தட்ட இல்லை. கழுத்துச் சுரப்பியை வேலை செய் என்று விரட்டுகிற டி.எஸ்.ஹெச். பத்துக்குள் இருக்கவேண்டியது நூறைத் தாண்டியிருக்கிறது. சுரப்பியே சரியாக உருவாகாமல் பிறந்திருக்கலாம். வயிற்றில் இருந்தவரை என்னுடையதிலிருந்து கொஞ்சம் போயிருக்கிறது. கொடி அறுத்ததும் அதுவும் நின்றிருக்கிறது. இத்தனை நாள் இல்லாமலே இருந்திருக்கிறாள். நாங்கள் மெச்சிக்கொண்டிருந்தோம்.

மூளை வளர்வதற்கே இது வேண்டும், முதல் மூன்று வருஷம் ஒரு நாளும் விடக்கூடாது என்றார் டாக்டர். பிறந்தவுடன் ஆரம்பித்திருந்தால் கவலையே இல்லை. இப்போதும் மோசமில்லை, ஆனால் என்ன நஷ்டம் என்று சொல்ல முடியாது. எப்போது தெரியும் என்று கேட்டேன். பேச ஆரம்பிக்கட்டும், பள்ளிக்கூடம் போகட்டும் என்றார்.

இவர் ரிப்போர்ட்டை மடித்து மடித்து இத்துனூண்டு ஆக்கிவிட்டார். நான் அதை வாங்கிப் பைக்குள் வைத்தேன். திட்டியிருக்கலாம்.

9 பிப்ரவரி

முதல் மாத்திரை. பொடித்து, ஸ்பூனில் தாய்ப்பால் விட்டுக் கரைத்து, மிச்சமில்லாமல். ஆயுசு முழுக்க.

11 மார்ச்

ரத்தத்தில் தைராக்ஸின் போதுமான அளவு ஏறவில்லை. டாக்டருக்கே ஆச்சரியம். வீட்டுக்கு வந்து துருவிக் கேட்டதில் வெளிவந்தது — நான் குளிக்கப் போகும்போது மாத்திரையை நாத்தனார் புட்டிப்பாலில் கலந்து கொடுத்திருக்கிறார். ஸ்பூனில் குடுத்தா குழந்தை துப்பறதாம், பாவமாம். இவள் எந்த நாளில் முழுப் புட்டி குடித்தாள்? மருந்தில் பாதி சிங்க்கில் போயிருக்கிறது. வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். "உங்க பாவத்துல என் பொண்ணோட மூளைன்னா போறது!" அவர் அழுதார். அழட்டும்.

30 மே

அளவு சரியாகிவிட்டது. தோல் மினுமினுக்கிறது, பசிக்கு வீறிடுகிறாள். ரத்தத்துக்கு ரிப்போர்ட் உண்டு. மூளைக்கு?

16 ஆகஸ்ட்

மித்ரா பௌதியின் பேரனும் அதே டிசம்பரில் பிறந்தவன். தவழ்ந்து எங்கள் வாசலுக்கே வந்துவிட்டான். இவளுக்கு உட்காரவே தலையணை அண்டக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவனைக் கொஞ்ச எனக்கு மனசு வரவில்லை.

3 மார்ச் 1999

இரண்டு வயசு தாண்டியும் ஆறேழு வார்த்தைதான். வீட்டில் தமிழ், வெளியே வங்காளம், குழந்தை குழம்பியிருக்கும் என்று ஆளாளுக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அப்போதும் ஆளாளுக்குத்தான் சொன்னார்கள்.

18 ஜூன் 2001

ஸ்னேகாவுக்கு நாலரை வயசு. எல்.கே.ஜி. போகிறாள், எழுத்து மெதுவாகத்தான் வருகிறது. காலையில் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்து, முழுங்கியாச்சா என்று கேட்டேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "காக்கா தூக்கிண்டு போயிடுத்தும்மா. நான் விரட்டினேன். அதுக்கு ஒரு கால் நொண்டி, பாவம்னு விட்டுட்டேன். ஷொத்தி!" என்றாள். சத்தியம் வேறே, வங்காளத்தில்.

மாத்திரை சோபா இடுக்கில் இருந்தது. முதுகில் ஒன்று வைத்து, என் கண்முன்னால் முழுங்க வைத்தேன். பிறகு சமையலறையில் போய்ப் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். இல்லாத காக்கா, அதற்கு ஒரு நொண்டிக் கால். அது எங்கிருந்து வந்தது அவளுக்கு?

ஆபீசுக்குப் போன் போட்டு இவரைக் கூப்பிட்டேன். "உங்க பொண்ணு பொய் சொல்றா" என்றேன்.

அவர் மெதுவாகக் கேட்டார்: "நன்னா சொல்றாளா?"