உள்ளே ஒளிந்திருப்பது

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

எங்கள் கொச்சங்காடி முழுக்க மழை. ஒச்சப்பன் இன்றும் கூடத்தில் தனியாகப் படுத்தார். "முதுகு வலி லதா." முதுகு வலியா? எச்ஐவி இருக்கிறது என்று தெரிந்துதான் இவரைக் கட்டிக்கொண்டேன். மருந்தில் வைரஸ் அடங்கி, ரத்தத்தில் தெரியாத அளவுக்கு வந்துவிட்டதால் எனக்குத் தொற்றாது என்று டாக்டரே சொன்னார். அந்தப் பயம் எப்போதோ போய்விட்டது. இப்போது ஏன் விலகுகிறார்?

ஆகஸ்ட் 9

கையைத் தொட்டால் இழுத்துக்கொள்கிறார். எவளோ ஒருத்தி இருக்கிறாள்.

ஆகஸ்ட் 13

இடப்பள்ளியில் பெயிண்ட் வேலை என்று கிளம்பினார். மேஸ்திரி யூசுப்புக்குப் போன் செய்தேன். "ஒச்சப்பன் இன்னு லீவாணல்லோ, சேச்சி."

இன்று அவருக்கு லீவாம். என்னிடம் சொன்னது பொய். யாருக்காக?

ஆகஸ்ட் 20

பின்னாலேயே போனேன். பஸ்ஸில் அவர் முன்னால், நான் கடைசி சீட்டில். தேவராவில் இறங்கி ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்குள் போனார். வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மருந்த நிறுத்திட்டேன் லதா. வைரஸ் தெரியலன்னு வந்துச்சுல்ல, இனி எதுக்குன்னு... அப்புறம் காய்ச்சல் வந்ததும் பயந்துட்டேன். திரும்பி வந்திருக்கு. ஒனக்கு ஒட்டிரக் கூடாதேன்னுதான் தள்ளிப் படுத்தேன்."

அட பாவி மனுஷா, வாயத் தொறந்து சொன்னா என்ன! நிறுத்திய நாளுக்கும் விலகிய நாளுக்கும் நடுவில் சேர்ந்துதானே படுத்தோம்...?

ஆகஸ்ட் 22

டாக்டர் அஞ்சனா திட்டவில்லை. பாலக்காட்டுத் தமிழில் பொறுமையாகச் சொன்னார். செல்லுக்குள் கிருமி புகுந்தால், செல் அதன் துண்டை வெளியே காட்டுமாம். அதைப் பார்த்துத்தான் காவல் செல்கள் வந்து கொல்லும். எச்ஐவி செய்கிற நெஃப் என்ற புரதம் அந்த அடையாளத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. காவலுக்கு வந்தவை கண்டுகொள்ளாமல் போய்விடும். விஃப் என்று இன்னொன்று, செல்லின் சொந்தத் தடுப்பையே அழித்துவிடும்.

"சில செல்லுக்குள்ள சத்தமில்லாம தூங்கிண்டும் இருக்கும், கேட்டேளா? மருந்து பெருகாம பாத்துக்கும். நிறுத்தினா எழுந்துக்கும்."

அவருக்கு மருந்தை மறுபடி தொடங்கினார்கள். எனக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

ஆகஸ்ட் 24

எனக்கு இல்லை. கொஞ்ச காலம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம். ரிப்போர்ட்டை அவர் மடியில் போட்டுவிட்டுப் படுக்கப் போனேன்.

டிசம்பர் 3

இரண்டாம் முறையும் எனக்கு இல்லை. அவர் ரத்தத்திலும் தெரியவில்லை.

பஸ்ஸில், "பாத்தியா, போயிருச்சு" என்று சிரித்தார்.

"போகல. பதுங்கியிருக்கு."

சிரிப்பு நின்றது. மெதுவாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் தானே மாத்திரையை எடுத்து விழுங்கி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டினார்.

"மூடுங்க" என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.