கல்யாணச் செலவில் பாக்கி

பிப்ரவரி 3

அன்புள்ள கண்ணாடிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. உன் மகள் என் வீட்டு மருமகளாக வந்ததிலிருந்து உன் தும்மல் வரைக்கும் எனக்குச் செய்தி வந்துவிடுகிறது. அவள் முன்னால் நாம் இருவரும் "வாங்க சம்பந்தியம்மா, உட்காருங்க சம்பந்தியம்மா" என்று நாடகம் போடுவதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. ரயில் ஏறினால் 'நீ', கடிதத்திலும் 'நீ' என்று நான் போட்ட சட்டத்தை இந்த நாலு வருஷமும் நீ மீறாமல் இருப்பதற்கு உனக்குத் தனியாக ஒரு மெடல் தர வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். மாதக் கடைசி சனி, ஞாயிறு. நம்முடைய அதே நகரம், அதே இரண்டு நாள். ஆஸ்பத்திரியில் லீவு சொல்லியாயிற்று. எக்ஸ்ரே ரூமில் "அசையாதீங்க, மூச்சப் பிடிங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே மூச்சு முட்டுகிறது. நீயும் உன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லீவு சொல்லிவிடு. உன் முதலாளி முறைத்தால் சொல், நானே போன் பண்ணுகிறேன்.

இந்த முறையும் கோபுரம், மியூசியம் என்று கும்பலோடு கும்பலாக அலையப்போவதில்லை. ஸ்கெட்ச் நோட்டை விரித்தால் யாரும் எட்டிப் பார்க்காத இடம்தான் வேண்டும். நம் பழைய வழிதான், கரண்ட் மீட்டர் ரீடிங் எடுப்பவரைப் பிடிப்போம். ஊரில் எல்லார் வீட்டுக் கொல்லைப்புறமும் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே. வர்ணம் உரிந்த படகுகளை அடுக்கி வைத்திருக்கும் ஒரு கொட்டகை இருக்கிறதாம், போன தடவை சொன்னார். ஞாயிறு காலை, அடிபட்ட பறவைகளைக் கூண்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் நம் பறவை மாடி. கூண்டுக்காரரிடம் சிறகு ஒடிந்த பருந்து ஒன்று புதிதாக வந்திருக்குமோ என்னவோ. போன வருஷம் உன் ஆந்தைக்கு நான்தான் காது வைத்துக் கொடுத்தேன், இந்த வருஷமாவது நீயே வரைந்து முடி.

டிக்கெட் போட்டுவிடட்டுமா? உடனே எழுது. போனில் வேண்டாம், பிள்ளைகள் காதில் விழுந்தால் கேலி பண்ணியே கொன்றுவிடுவார்கள்.

உன்,
எக்ஸ்ரே


பிப்ரவரி 9

அன்புள்ள எக்ஸ்ரேவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் மனசு கிளம்பிவிட்டது, முட்டிதான் கிளம்பவில்லை. பதினைந்து நாளாக வலது முட்டி வீங்கிக் கிடக்கிறது. கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேதான் எல்லாருக்கும் கண்ணாடி மாட்டிப் பார்க்கிறேன். மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படம் எடுக்க உன்னிடமே வரச் சொல்வாய், தெரியும். இங்கேயே எடுத்தாயிற்று, எலும்பில் ஒன்றும் இல்லையாம்.

கோபித்துக்கொள்ளாதே. நீ போய்விட்டு வா. படகுக் கொட்டகையை எனக்கும் சேர்த்து வரைந்து வா. பறவை மாடிக்கு மட்டும் இந்த முறை போக வேண்டாமே. அந்த இரும்புப் படி மகா மோசம், நீ தனியாக வேறு போகிறாய். அடுத்த வருஷம் சேர்ந்து போகலாம்.

என் மகள் நேரத்துக்குச் சமைக்கிறாளா? அவளுக்குக் கொஞ்சம் மறதி ஜாஸ்தி, பார்த்துக்கொள். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உன்,
கண்ணாடி


பிப்ரவரி 26, ரயிலில்

கண்ணாடி,

இது வெறும் கார்டுதான். ஜன்னல் சீட் கிடைத்தது. நீ இருந்தால் "எனக்குக் காத்து ஒத்துக்காது, நீ உக்காரு" என்று எனக்கே கொடுத்திருப்பாய், அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனால் எதிர் சீட்டில் தூங்கி வழியும் ஆளை வரைந்து காட்டினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத்தான் ஆள் இல்லை. முட்டியில் எண்ணெய் போட்டுத் தேய். உனக்காகப் படகு வருகிறது.

எக்ஸ்ரே


மார்ச் 4

கண்ணாடிக்கு,

ஊருக்கு வந்து நாலைந்து நாள் ஆகிவிட்டது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதாவிட்டால் உன் மகளிடம் எரிந்து விழுவேன் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நீ வேண்டாம் என்று சொன்ன பறவை மாடிக்குப் போனேன். பருந்து வந்திருந்தது. அதன் எதிரில் இரண்டு பெண்கள் முக்காலி போட்டு வரைந்துகொண்டிருந்தார்கள். நம் இடத்தில் வேறு ஆளா என்று முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பேச்சுக் கொடுத்தேன். உன் ஊர் ஓவிய வகுப்பில் படிக்கிறார்களாம். போன மாதம் பத்துப் பேர் சேர்ந்து வந்தார்களாம், பிடித்துப்போனதால் இவர்கள் இருவரும் மறுபடி வந்திருக்கிறார்கள்.

"எங்க கண்ணாடிக் கடை அக்காதான் இந்த இடத்தக் கண்டுபிடிச்சாங்க. மீட்டர்காரரக் கேட்டாங்களாம். என்னா மூளை பாருங்க!" என்றாள் ஒருத்தி.

அக்கா என்றது உன்னைத்தான் என்று தெரிந்தது, நீ சொன்னது பொய் என்று மட்டும் அப்போதும் புரியவில்லை. முட்டாள்தனமாக, "அவங்களுக்கு முட்டி வலின்னு சொன்னாங்களே, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"முட்டி வலியா? எங்களுக்கு முன்னாடி தடதடன்னு படியேறுனவங்க அவங்கதான். நேத்துக்கூட வகுப்புக்கு வந்தாங்களே!"

சரி, வகுப்பில் சேர்ந்ததை என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டிருப்பாய் என்று நினைத்தேன். பொய்க்கும் ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்தேன். உனக்காக நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தேன். அதற்குள் மற்றவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"பாவம்ங்க அந்த அக்கா. வருஷா வருஷம் அவங்க சம்பந்தியம்மா கூட இதே ஊருக்கு வந்தாகணுமாம். பொண்ணக் குடுத்த எடம், முடியாதுன்னு சொல்ல முடியுமா? 'கல்யாணச் செலவுல இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு, வருஷத்துக்கு ரெண்டு நாளாக் கட்டிக்கிட்டு இருக்கேன்'னு சொல்வாங்க. சொல்லும்போது பாக்கணும், எங்களுக்கு வயிறே வலிச்சுப் போகும்."

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? நான்தான் அந்தப் பாக்கிக்காரி என்று சொல்லவா முடியும்? கூண்டுக்காரர் தண்ணீர்ச் சொம்போடு வந்தார். என்னைப் பார்த்ததும், "உங்க கூட்டாளி வரலியாம்மா?" என்று கேட்டார். கூட்டத்தைக் கூட்டி வராதீர்கள் என்று நம்மிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதானே? பத்துப் பேர் வந்து போட்ட சத்தத்தில் மிரண்டுபோன ஆந்தையை உள்ளறைக்கு மாற்றிவிட்டாராம். அதற்காகக்கூட அவர் உன்மேல் கோபப்படவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

என்னைத் தவிர்க்க வேண்டுமென்றால் தவிர்த்திருக்கலாம். பிடிக்கவில்லை என்றால் முதல் வருஷமே சொல்லித் தொலைத்திருக்கலாம். நாலு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே குடையில் நனைந்து, லாட்ஜ் கட்டிலில் கிடந்து விடிய விடியப் பேசினோமே. என் வீட்டுக்காரர் போனதைப் பற்றி நான் என் பிள்ளையிடம்கூடச் சொல்லாததை எல்லாம் உன்னிடம்தானே கொட்டினேன். அதையெல்லாம் எந்தக் கணக்கில் வைத்துக் கேட்டுக்கொண்டாய்? எனக்குப் பள்ளிக்கூடத் தோழி யாரும் மிஞ்சவில்லை, ஆஸ்பத்திரி சிநேகிதம் ஆஸ்பத்திரியோடு சரி. இந்த வயதில் எனக்கு ஒரு தோழி கிடைத்துவிட்டாள் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னை நன்றாக ஏமாற்றிவிட்டாய்.

ஆனால் இப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. மன்னிப்பெல்லாம் கேட்காதே, எனக்கு அது வேண்டாம். என்னிடம் உனக்கு எது பிடிக்கவில்லையோ அதை நேராக எழுது. 'நீ ஒரு அதிகாரக்காரி' என்று எழுது. 'உன்னோடு இருந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது' என்று எழுது. நன்றாகத் திட்டு, பதிலுக்கு நானும் திட்டுகிறேன். சண்டை போட்டுக்கொண்டால் அப்புறம் பேசிக்கொள்ளவாவது முடியும். 'நீ' என்று ஆரம்பித்து எழுது, அது போதும்.

எக்ஸ்ரே


மார்ச் 19

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். தாங்கள் சொன்னபடி எழுத உட்கார்ந்து, இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நடந்ததெல்லாம் என் தவறு. ஏதோ விளையாட்டாகப் பேசியது இவ்வளவு தூரம் வந்துவிட்டது. கூண்டுக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். ஓவிய வகுப்பிலிருந்தும் நின்றுவிட்டேன்.

என் மகளுக்கு இதில் எதுவும் தெரியாது. நான் வகுப்புக்குப் போனதுகூட அவளுக்குத் தெரியாது. அவள் தங்கள் மேல் உயிரையே வைத்திருக்கிறாள், போனில் வாய்க்கு வாய் "அத்தை, அத்தை" என்றுதான் பேசுவாள். எரிந்து விழுவேன் போலிருக்கிறது என்று தாங்கள் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்மேல் உள்ள கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள். தங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். அவள் தங்களை நம்பித்தான் அந்த வீட்டில் இருக்கிறாள்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். என் முட்டி இப்போது நன்றாக இருக்கிறது. தாங்கள் எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மருமகளின் தாயார்