நான்காம் தறியின் கயிறு

அம்மா,

அப்பா இன்று நான்காம் தறிக்குப் புதுக் கம்பி மாட்டினார். பழைய கம்பியில் நீ கட்டியிருந்த கயிற்றை அறுத்துக் குப்பையில் போட்டார். அதை எடுத்து என் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்தால் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்து, உன் சேலையில் வரும் வாசனை வருகிறது.

குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் விசைத்தறியைத் தானாக நிறுத்தும் கம்பி அது. தேய்ந்து போனதால் நூல் அறாதபோதும் நிறுத்திக்கொண்டிருந்தது. "தொட்டதுக்கெல்லாம் நின்னா எப்பக் கண்ணு இந்தப் பாவு முடியறது?" என்று நீ அதை அசையாமல் கயிற்றால் கட்டிவிட்டாய். ஒரு நாள் நீ குழம்பு தாளிக்கப் போன நேரத்தில் நூல் அறுந்தது. சத்தம் மாறாமல் தறி ஓடியது. வந்து பார்த்தால் ஊடையே விழாமல் தறியில் ஏற்றிய நீளவாட்டுப் பாவு நூல் மட்டும் சுற்றியிருந்தது. "கொசுவலைக்கு ஆர்டர் புடிச்சாச்சாட்ட இருக்குதுங்க அம்மணி" என்றார் அப்பா. நீ சிரித்தாய். கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை.

அந்தப் பாவு ஓடும்போதுதான் உன் கழுத்தில் கட்டி தட்டுப்பட்டது. "பாவு முடியட்டும், காட்டிக்கலாம்" என்றாய். அது முடிந்ததும் அடுத்த பாவு ஏறியது. சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாய்.

கோயமுத்தூரில், உன் தைராய்டு புற்றுக்கட்டியைச் சோதித்த முடிவு வந்த அன்று நீ வார்டில் படுத்திருந்தாய். டாக்டரம்மா அப்பாவையும் என்னையும் உட்கார வைத்துப் பேசினார்.

"ஜீன்ல தப்பில்லைங்க. அந்த ஜீன் எப்ப வேலை செய்யணும், எப்ப சும்மா இருக்கணும்னு சொல்ற இடம் அதுக்கு முன்னாடி இருக்கும். அங்க டிஎன்ஏல ஒரு எழுத்து மாறியிருக்குது."

வளர்ந்த உடம்பில் பெரும்பாலான செல்களில் அந்த ஜீன் அணைந்தே கிடக்குமாம். அதனால் செல்லும் குறிப்பிட்ட முறை பிரிந்த பிறகு நின்றுவிடும். அந்த ஓர் எழுத்தால் ஜீன் விழித்துக்கொண்டது. செல்கள் நிற்கவில்லை. டிஎன்ஏவில் பெரும்பகுதி புரதத்துக்கான குறிப்பு அல்ல என்று பாடத்தில் ஒரு வரி உண்டு. ஒரு மார்க்குக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அந்தப் பகுதிக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கும் என்று நினைத்ததில்லை. எனக்குக் கயிறுதான் நினைவுக்கு வந்தது. நூலில் பழுதில்லை, நிறுத்தும் இடத்தில்தான்.

அப்பா என்னைக் காட்டி, "பொண்ணுக்கு வருமுங்களா?" என்று கேட்டார்.

"இது பொறப்புல வந்ததில்லைங்க, அந்தக் கட்டிக்குள்ள மட்டும் நடந்தது. ஆனா யாரா இருந்தாலும் கழுத்துல ஏதாச்சும் தட்டுப்பட்டா தள்ளிப்போடாமக் காட்டீருங்க."

உன் காரியத்துக்கு வந்த சோமனூர்ச் சொந்தங்கள் எல்லாரிடமும் அப்பா அந்தப் பதிலின் முதல் பாதியைச் சொன்னார். இரண்டாம் பாதியை யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் பள்ளிக்குக் கிளம்பும்போது, சட்டையின் மேல் பட்டனைப் போட்ட என் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கடலைப் பருப்பு அளவு இருக்கும். எச்சில் விழுங்கினால் அதுவும் ஏறி இறங்குகிறது. இப்படி வருபவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை என்று படித்தேன், நம்புகிறேன். இருந்தாலும் கை அங்கேயே போகிறது. அப்பாவின் முகத்தை நினைத்தால் வாய் வரவில்லை. அரைப்பரீட்சை முடியட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று தெரிந்தது.

கயிறு என்னிடமே இருக்கட்டும். எதிலும் கட்ட மாட்டேன்.

இரவில் நான்காம் தறி மட்டும்தான் ஓடுகிறது. இந்த வரியை எழுதும்போது அதுவும் நின்றுவிட்டது. எங்கோ நூல் அறுந்திருக்கிறது. அப்பா அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டிவிட்டால் நான் பேசுவது அவருக்குக் கேட்காது. அதற்குள் போகிறேன் அம்மா.