உங்கள் கட்டிலிலிருந்து என் அடுப்படிக்கு

அக்கா,

இன்று மதியம் மகள் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். புது பிளாஸ்டிக் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. தானாகவே ஊர்ந்து வீட்டைப் பெருக்கும் வட்டமான இயந்திரம். அது செருப்பு ஸ்டாண்டில் முட்டி முட்டித் திரும்புவதைப் பார்த்தபோது, நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்றுதான் தோன்றியது.

ஓசூரில் நாம் பக்கத்துப் பக்கத்து வாடகை வீடுகளில் குடியிருந்தோம். எந்தப் பொருள் வாங்கினாலும் உங்களிடம் காட்டாமல் என்னால் இருக்க முடியாது. பொருட்காட்சியில் ஆசைப்பட்டு வாங்கிய சப்பாத்தி மேக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சப்பாத்திய நீயே தேச்சிரலாம் புள்ள. இத எவ கழுவறது?" என்றீர்கள். அது பரணுக்குப் போனது.

ஆனால் வாஷிங் மெஷினுக்காக நீங்களே கிளம்பினீர்கள். அப்போது எனக்கு ஏழு மாதம். கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்றே வேலை. வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரரின் கிரீஸ் படிந்த சீருடைகள் காத்திருக்கும். குனிந்து துவைக்க முடியவில்லை. மெஷின் வைத்தால் போர் தண்ணீர் தீர்ந்துபோகும் என்று வீட்டு ஓனரம்மா மறுத்துவிட்டார். நீங்கள் அவர் வாசலில் உட்கார்ந்து கன்னடத்தில் நெடுநேரம் பேசினீர்கள்.

"ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒண்ணு, எங்க பாத்ரூம்ல வெக்கலாம். ஒத்துக்கிச்சு" என்று திரும்பி வந்தீர்கள்.

"எப்படிக்கா?"

"உங்க பொண்ணு மாசமா இருந்தா இப்படித் தொவைக்க உடுவீங்களான்னு கேட்டேன். அவ்ளோதான்."

அன்று வயிற்றில் இருந்தவள்தான் இன்று பெட்டி பிரித்தவள்.

பல வருடம் கழித்து, நான் கம்பெனி வேலையை விட்டு வீட்டோடு இருந்தபோது, உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் பகலெல்லாம் நீங்கள் தனி. சொன்னால் விளக்கும் விசிறியும் போடுகிற ஒரு ஸ்பீக்கரை மகன் வாங்கி வந்து தலைமாட்டில் வைத்தான். நல்ல பிள்ளை, அக்கறையோடுதான் வாங்கினான். நீங்கள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தீர்கள். அது ஒவ்வொரு முறையும், புரியவில்லை என்றது.

"நான் பேசறது... உனக்கு மட்டுந்தான் புரியுது" என்று கண் கலங்கினீர்கள்.

அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டு பக்கம் போய், ஒயர் இல்லாத அழைப்பு மணி ஒன்று வாங்கி வந்தேன். சுவிட்சை உங்கள் கட்டிலில், இடது கைக்கு எட்டும்படி ஒட்டினேன். மணியை என் அடுப்படியில் மாட்டினேன். அழுத்தினால் குருவி மாதிரி கத்தும். முதல் முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது... உருப்படி" என்றீர்கள். அதன் பிறகு தண்ணீருக்கும், புரண்டு படுக்கவும், சில நாள் சும்மா சிரிக்கவும் அது கத்தியது.

ஒரு நாள் மதியம் மணி அடித்தது. மூச்சிரைக்க ஓடி வந்தேன். அன்று வீட்டில் விருந்தாளிகள். விடிந்ததிலிருந்து நான் உட்காரவே இல்லை. எங்கள் வீட்டுப் பாத்திரச் சத்தம் உங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"என்னக்கா, என்னா வேணும்?"

"ஒண்ணியும் இல்ல. நீ... செத்த உக்காரு."

உட்கார்ந்தேன். என் ஈரக் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனீர்கள்.

நீங்கள் போன பிறகும், மதியத்தில் கை வேலையைப் பாதியில் போட்டுவிட்டுச் சற்று நேரம் உட்காருகிறேன் அக்கா. யாரும் கூப்பிடாமலே.