கேள்விக்குப் பிறகுதான் டீ

மாப்ள,

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் சமையலறையில் நின்று அந்தப் பெரிய ப்ளாஸ்க்கின் மூடியைத் திருகினேன். நேற்று ஊற்றிய டீ ஒரு சொட்டுக் குறையாமல் அப்படியே கிடந்தது. பால் திரிந்த வாடை குப்பென்று ஏறியது. "என்னங்க அது, நாத்தம் குடலப் புடுங்குது" என்று உன் தங்கச்சி உள்ளேயிருந்து கத்தினாள். வாங்கி வந்த டீயை யாரும் குடிக்காமல் நம் சனிக்கிழமைக் கூட்டம் கலைந்தது நேற்றுதான் முதல் தடவை. அதற்குக் காரணம் நான். நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் சட்டம் உன்னுடையது என்பதால் உன்னிடம்தான் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சட்டம் எங்கே பிறந்தது என்று உனக்கு நினைவிருக்கும். ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில், வடக்கே ஒரு பெரிய கருத்தரங்குக்கு நாம் இருவரும் ரயிலேறிப் போனோம். போனவுடன் கடைசி வரிசையாகப் பார்த்து உட்கார்ந்தோம். மண்ணில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றி ஒருவர் பேசினார். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அதை இங்கிலீஷில் எப்படியெல்லாமோ கோத்துப் பார்த்தேன். கோத்து முடிப்பதற்குள் கைதட்டி எழுந்துவிட்டார்கள். வெளியே வராண்டாவில் டீ கப்பைப் பிடித்துக்கொண்டு நீ சிரித்தாய். "எனக்கும் ஒண்ணு இருந்துச்சு மாப்ள. ரெண்டு பேரும் கேள்விய டீயோட சேத்து முழுங்கிட்டோம்." சிரித்தாய் என்றுதான் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். உனக்கு அப்போது கோபம் வந்திருக்கிறது என்று இப்போதுதான் உறைக்கிறது.

பிறகு பசுமலைப் பக்கத்துக் கல்லூரியில் நமக்கென்று ஒரு ஆய்வகம் கிடைத்தபோது, சனிக்கிழமை தோறும் கூட்டம் என்றாய். யார் வேண்டுமானாலும் வரலாம், தமிழிலும் பேசலாம், இரண்டும் கலந்தும் பேசலாம். ஆய்வகத்தில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதல் கேள்வி கேட்க வேண்டும். அதுவரை ப்ளாஸ்க்கைத் திறக்கக் கூடாது. எனக்கு இது விளையாட்டாகத்தான் பட்டது. ஒரு சனிக்கிழமை, புதிதாகச் சேர்ந்த பையன் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் பல்லைக் கடித்தேன். நீ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாய். கடைசியில் அவன் திரையைக் காட்டி, "சார், அந்தக் கோடு மேல போகுதே, எது கூடுது?" என்றான். பார்த்தால், படம் போட்டவன் அச்சில் எதையும் எழுதவே இல்லை. அத்தனை பேரும் அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தோம், நானும்தான். நீ தொடையில் தட்டிச் சிரித்து, "தெற மாப்ள ப்ளாஸ்க்க" என்றாய். அந்த ஆறிய டீயை எல்லாரும் ரசித்துக் குடித்தோம்.

"நாம யாரையும் வளக்கல மாப்ள. கதவ மறிச்சிக்கிட்டு நிக்காம இருக்கோம், அம்புட்டுதான்" என்பாய். நம் அளவீடுகளை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவாய். "திருடிட்டா?" என்று ஒரு தடவை கேட்டேன். "திருடுறதுக்கு அதுல என்ன இருக்குன்னு அவனாச்சும் நமக்குச் சொல்லட்டுமே" என்றாய்.

கடைசியாக உன்னைப் பார்த்தது கோச்சடையில், உன் வீட்டு மாடியறையில். எழுந்து உட்காரக்கூட முடியாமல் படுத்திருந்தாய். சனிக்கிழமைக் கூட்டத்தை நான் நடத்துகிறேன், நீ கவலைப்படாதே என்றேன். நீ என் பக்கம் திரும்பினாய். "எல்லாரையும் கேக்க வச்சிட்டோம். நீ ஒரு கேள்வி கேட்டு நான் பாத்ததே இல்லயே மாப்ள." நான் பதில் சொல்கிற ஆள் என்று சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

நீ போன பிறகு நம் வேலைக்கு நல்ல காலம் வந்தது. கண்மாய் மண்ணில் நாம் பிரித்தெடுத்த பாக்டீரியாவை விதைநெல்லில் பூசினோமே, அது உரம் குறைத்த பாத்தியிலும் பயிரைத் தூக்கிப் பிடித்தது. சந்தோஷத்தோடு பயமும் வந்தது. வேறு யாராவது முந்திக்கொண்டால்? அளவீடுகளுக்கெல்லாம் பாஸ்வேர்டு போட்டேன். இன்னொரு கல்லூரிக்காரர்கள் தாங்களும் செய்து பார்க்கிறோம் என்று கேட்டார்கள். பார்க்கலாம் என்றேன். அப்புறம் அவர்கள் கூப்பிட்டபோது நான் போனை எடுக்கவில்லை. சனிக்கிழமைக் கூட்டம் மட்டும் நிற்காமல் நடந்தது, டீயும் வந்தது. அதனால் எல்லாம் நீ விட்டுப்போனபடியே இருக்கிறது என்று நம்பிக்கொண்டேன்.

நான்கு மாதத்துக்கு முன் முத்துச்செல்வி சேர்ந்தாள். வாடிப்பட்டிக்கு உள்ளே ஒரு கிராமம். வீட்டில் இவள்தான் முதலில் கல்லூரிப் படியேறியவள். தினமும் பஸ் மாறி வந்தாலும் எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பாள். உனக்குப் பிடித்திருக்கும்.

போன வாரம் நிதி கொடுக்கும் குழு ஆய்வகத்தைப் பார்க்க வந்தது. எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் பயமில்லாமல் பேசுகிற ஆய்வகம் என்று விண்ணப்பத்தில் பெருமையாக எழுதியிருந்தேன். அதனால் சனிக்கிழமைக் கூட்டத்தை அவர்களுக்காகப் புதன்கிழமையே நடத்திக் காட்டுவதாக ஏற்பாடு. கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் முதல் கேள்வி முத்துச்செல்வியுடையது. முந்தின நாள் அவளைக் கூப்பிட்டு, நாளைக்கு என்ன கேட்பாய் என்றேன். கேட்டதே தப்பு.

"இத வேற யாராச்சும் செஞ்சு பாத்தாங்களா சார்?" என்றாள்.

குழுவின் முன்னால் அதற்கு என்ன பதில் சொல்வேன்? யாரும் பார்க்கவில்லை, பார்க்க வந்தவர்களையும் நான் விடவில்லை என்றா? "நல்ல கேள்விம்மா, ஆனா நாளைக்கு இது வேணாம்" என்றேன். அன்று சாயங்காலம் வேறொரு கேள்வியை இங்கிலீஷில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் அதை மனப்பாடம் செய்து, குழு முன்னால் எழுந்து நின்று பிசகாமல் கேட்டாள். எனக்குத் தெரிந்த பதிலை நான் சொன்னேன். தலைவர் கைதட்டினார். ப்ளாஸ்க்கைத் திறந்தோம். அவளிடம் கப்பை நீட்டியபோது வாங்கவில்லை.

"அது என் கேள்வி இல்லயே சார். நான் எப்படி டீ குடிக்கிறது?"

மெதுவாகத்தான் சொன்னாள். என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. போன் செய்ய எனக்கு முகம் இல்லை. நம்மை யாரும் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லவில்லை மாப்ள, நாமாகத்தான் போய் உட்கார்ந்தோம். இந்தப் பிள்ளையை முன்னால் நிறுத்தி, அவள் வாய்க்குள் என் வார்த்தையைத் திணித்து, அவள் கேள்வியை முழுங்க வைத்தது நான். அதையும் உன் சட்டத்தை வைத்தே செய்தேன். நினைக்க நினைக்கக் கூசுகிறது.

நேற்று அவள் வருவாளோ மாட்டாளோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள், கதவோரத்தில் உட்கார்ந்தாள். நான் எழுந்து நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னேன். பாஸ்வேர்டை எடுத்துவிட்டதையும், அந்தக் கல்லூரிக்காரர்களுக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டதையும் சொன்னேன். அந்தக் கேள்வி நான் எழுதிக் கொடுத்தது என்று குழுத் தலைவருக்கும் எழுதிவிட்டேன். பணம் வந்தால் வரட்டும், போனால் போகட்டும். பிறகு, பாவத்தைக் கழுவிவிட்ட ஆள் மாதிரி, "இன்னைக்கு முதல் கேள்வி நான் கேக்குறேன். இத வேற யாராச்சும் செஞ்சு பாத்தாங்களா?" என்றேன்.

முத்துச்செல்வி நிமிர்ந்தாள். "சார், அது என் கேள்வி. உங்க கேள்வி என்ன?"

நான் நின்றேன் மாப்ள. எத்தனையோ வருஷமாகப் பாடம் நடத்துகிறவன், கண்மாய் கண்மாயாக மண் அள்ளியவன், தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்லிக் கேட்க ஒரு கேள்வி கிடைக்காமல் அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்றேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. நீ பார்ப்பாயே, அதே மாதிரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ப்ளாஸ்க் மேஜையில் இருந்தது. அதன் பக்கம் ஒரு கைகூடப் போகவில்லை. கோச்சடையில் நீ ஏன் சிரிக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

இருட்டத் தொடங்கியதும் முத்துச்செல்வி பையை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இனி வர மாட்டாள் என்றே நினைத்தேன். வாசலில் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த சனிக்கிழமை வாரேன் சார். நீங்க கேள்வியோட வாங்க."

ப்ளாஸ்க்கை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வாடை இன்னும் போகவில்லை. அன்றைக்குக் கருத்தரங்கு வராண்டாவில் நீ என்னிடம் உன் கேள்வியைச் சொன்னாய், என்னுடையது என்ன என்று கேட்டாய். அப்புறம் சொல்கிறேன் என்றேன், சொல்லவே இல்லை. இன்று காலையிலிருந்து அதைத்தான் நினைவுபடுத்திப் பார்க்கிறேன். வர மாட்டேன் என்கிறது மாப்ள.